கப்பல் பட்டியலும் மூன்று லட்சம் கோப்புகளும் – கடிதம்

அன்புள்ள அக்கா,

இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவுக்கு வந்த நம் முன்னோரின் பெயர்கள் உள்ள டர்பன் ஆவணக்காப்பகத்துக் கப்பல் பட்டியல்களிலிருந்து எங்கள் கோயில் குழு, பட்டியலில் உள்ள ஆளுக்கொரு படமாக வெட்டிச் சேர்த்தது மூன்று லட்சம் கோப்புகள், எல்லாம் ஒரே ஃபோல்டரில். சின்னப் பிரதிகளை மட்டும் அழிக்க ஆர்எம் என்ற அழிக்கும் கட்டளையோடு நட்சத்திரக் குறி போட்டால் ‘ஆர்க்யுமென்ட் லிஸ்ட் டூ லாங்’ (பட்டியல் ரொம்ப நீளம்) என்கிறது. கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் அடித்தால் திரை அப்படியே நிற்கிறது. லினக்ஸையே விட்டுவிடலாமா? வெள்ளைக்காரன் போட்ட எண்ணை எழுத மனசு வராமல் கோப்புகளுக்கு ஆட்களின் பெயரையே வைத்திருக்கிறோம்.

டர்பன் ஃபீனிக்ஸிலிருந்து ஒரு வாசகன்

தம்பி,

லினக்ஸ் மேல் பழி போடாதே. நட்சத்திரக் குறியைக் கோப்புப் பெயர்களாக விரிப்பது, நீ அடிக்கும் கட்டளையை வாங்கும் ஷெல். அத்தனை பெயரையும் ஒரே வரியில் கோத்து ஆர்எம்மிடம் தரப் பார்க்கிறது; லினக்ஸின் உட்கருவான கெர்னல் பொதுவாக 2 எம்பிக்கு மேல் வாங்காது. கோப்பைத் தேடும் ஃபைண்ட் கட்டளை போடு: மைனஸ் நேம், மேற்கோளுக்குள் பெயரின் வடிவம், கடைசியில் மைனஸ் டெலிட். கடைசியில் என்றால் கடைசியில்தான். முன்னால் போட்டால் பெயரைப் பார்க்காமலே எல்லாவற்றையும் துடைத்துவிடும். முதலில் டெலிட்டுக்குப் பதில் பிரிண்ட் போட்டுப் பார். எல்எஸ் திணறுவது வரிசைப்படுத்துவதால். எல்எஸ்ஸோடு மைனஸ் எஃப், சின்ன எழுத்தில், போதும்.

சரி, எண்ணை எழுத மனசு வரவில்லையா? அந்தக் கோபம் எனக்கும் உண்டு. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்தது முதல் 1911 வரை 1,52,000க்கும் மேற்பட்டவர்களுக்கு எண் போட்டுக் கணக்கு வைத்தார்கள். ஆனால் என் தாத்தாவின் அப்பா பெயர் கப்பல் பட்டியலில் ஒரு மாதிரி, கல்யாணப் பதிவில் வேறு மாதிரி, தோட்டத்துக் காகிதத்தில் இன்னொரு மாதிரி. குமாஸ்தா காதில் விழுந்ததுதான் எழுத்து. எண் மட்டும் மூன்றிலும் ஒன்றே. அதைப் பிடித்துக்கொண்டு போய்த்தான் அவருடைய கிராமத்தைக் கண்டேன்.

நீங்கள் செய்தது என்ன தெரியுமா? ஒரே கப்பலில் இரண்டு முனுசாமி வந்திருந்தால், இரண்டாவது முனுசாமியின் படம் முதல் முனுசாமியின் படத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். நகலெடுக்கும் சிபி, நகர்த்தும் எம்வி இரண்டும் கேட்காமலே மேலெழுதும். மரியாதை என்று நினைத்து எத்தனை முனுசாமியை, எத்தனை லட்சுமியைக் காணாமல் அடித்தீர்கள்? வெள்ளைக்காரன்கூட அவர்களை ஒருவர் மேல் ஒருவர் எழுதவில்லையப்பா!

கோப்புக்கு எண் இருக்கட்டும். ஆயிரம் எண்ணுக்கு ஒரு ஃபோல்டர். பெயர், அப்பா பெயர், ஊர், தாலுகா எல்லாம் தனி அட்டவணையில் தமிழில் அழகாக எழுதுங்கள், யார் வேண்டாம் என்றது? பெயரில் இடைவெளி இருந்தால் அதை இரண்டு பெயராக உடைக்கும் எக்ஸ்ஆர்க்ஸ் போன்ற கட்டளைகளின் தொல்லை எல்லாம் அப்புறம் தானாகப் போய்விடும்.

அதற்கு முன் ஒன்றையும் அழிக்காதே. கப்பல் வாரியாகப் பட்டியலில் எத்தனை பேர், ஃபோல்டரில் எத்தனை படம் என்று எண்ணிப் பார். குறைந்தால், படம் எடுத்தவரின் கேமரா கார்டு இன்னும் ஃபார்மட் ஆகாமல் இருக்கிறதா என்று இன்றைக்கே கேள்.