வாசகர் கேள்வி: சீனாவில் வசந்த விழாவை உள்ளிருந்து காண்பது எப்படி?

கேள்வி: சூசோ நகரில் ஒரு மின்னணு நிறுவனத்தில் பொறியாளராக இருக்கிறேன். சீனப் புத்தாண்டான வசந்த விழாவைக் கண்ணாரக் காண வேண்டும் என்பதற்காகவே சென்ற ஆண்டு விடுமுறையில் வேறெங்கும் போகாமல் இங்கே தங்கினேன். தெருக்கள் வெறிச்சோடிக் கிடந்தன; வழக்கமாகச் சாப்பிடும் கடைகள்கூடப் பூட்டியிருந்தன. சிவப்பு விளக்குகளைத் தவிர விழா என்று எதையும் நான் பார்க்கவில்லை. இங்கே வசிக்கும் வெளிநாட்டவர் இவ்விழாவில் கலந்துகொள்ள வழி உண்டா? உடன் பணிபுரிபவரிடம் வீட்டுக்கு வரலாமா என்று நாமாகக் கேட்பது முறையா?

பதில்: விழா நடந்த இடத்தில் நீங்கள் இல்லை. சூசோ, ஷாங்காய், ஷென்ஜென் போன்ற தொழில் நகரங்களில் வேலை செய்வோரில் பலர் பிற மாகாணங்களிலிருந்து வந்தவர்கள். விழாவையொட்டிய 40 நாள் பயணக் காலத்தில் அவர்கள் தத்தம் ஊருக்குத் திரும்பிவிடுவதால், நீங்கள் தங்கிய நகரம் காலியாவதும், பெயர்கூடக் கேள்விப்படாத சிற்றூர்கள் நிரம்பி வழிவதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. அந்தச் சிற்றூர்களிலும் விழாவின் உச்சம் தெருவில் இல்லை. புத்தாண்டுக்கு முந்தைய இரவில் குடும்பத்தினர் அனைவரும் கூடி உண்ணும் விருந்தும், 1983 முதல் ஆண்டுதோறும் ஒளிபரப்பாகும் தொலைக்காட்சிக் கலைநிகழ்ச்சியைப் பார்த்தபடி கண்விழித்திருப்பதும் வீட்டுக்குள் நடப்பவை. 2024 டிசம்பரில் யுனெஸ்கோ இவ்விழாவைத் தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தபோதும், அதை ஒரு காட்சியாக அல்லாமல் மக்களின் சமூக வழக்கமாகவே குறிப்பிட்டது.

ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. புத்தாண்டுக்கு முந்தைய இரவு விருந்துக்கு நீங்களாக இடம் கேட்காதீர்கள். ஆண்டு முழுவதும் பிரிந்திருந்த பெற்றோரும் பிள்ளைகளும் சந்திக்கும் இரவு அது. நண்பர் மறுக்க முடியாமல் சம்மதித்துவிட்டு வீட்டில் சங்கடப்படக்கூடும். அவராகவே அழைத்தால், பெற்றோரிடம் சொல்லிவிட்டாரா என்று ஒரு முறை கேட்டுக்கொண்டு மகிழ்ச்சியோடு போய் வாருங்கள். நீங்களாகக் கேட்கத் தக்கது வேறொன்று உண்டு. புத்தாண்டு பிறந்த பிறகு வீடு வீடாகச் சென்று வாழ்த்துச் சொல்வது அந்நாட்களின் வழக்கமே என்பதால், "பெரியவர்களுக்கு வாழ்த்துச் சொல்ல ஒரு நாள் வரலாமா?" என்று கேட்பதை யாரும் தவறாக எண்ண மாட்டார்கள். முதல் நாள் நெருங்கிய உறவினருக்கு உரியது. இரண்டாம் நாள் மணமான பெண்கள் கணவரோடு தாய்வீடு செல்வார்கள். மூன்றாம் நாள் பிறர் வீட்டுக்குப் போவது நல்லதல்ல என்று பல பகுதிகளில் கருதுகிறார்கள். எனவே நான்காம் நாளிலிருந்து கேளுங்கள். அதற்கும் அடுத்த நாள் செல்வக் கடவுளை வரவேற்கும் நாள். உங்கள் சூசோ வட்டாரத்தில் அதற்குத் தனி மதிப்பு உண்டு, மூடியிருந்த கடைகள் பலவும் அன்று திறக்கத் தொடங்கும்.

அழைப்பே கிடைக்காவிட்டாலும், விழாவின் முன்பகுதியும் பின்பகுதியும் எல்லோருக்கும் பொதுவானவை. என்னைக் கேட்டால், ஒரே ஓர் இடம்தான் போக முடியும் என்றால் குவாங்சோவின் பூச்சந்தைக்குப் போகச் சொல்வேன். புத்தாண்டுக்கு முந்தைய சில நாட்கள் மட்டும் கூடி, புத்தாண்டு பிறக்கும் இரவோடு கலைந்துவிடும் அச்சந்தையில், பழம் தொங்கும் சிறு ஆரஞ்சுச் செடிகளையும் பீச் மலர்க் கிளைகளையும் சுமந்தபடி குடும்பம் குடும்பமாக நடப்பவர்கள் உள்ளூர்க்காரர்கள். அங்கே நீங்களும் ஒரு செடி வாங்கினால் பார்வையாளர் என்ற நிலை மாறிவிடும். பெய்ஜிங்கின் தீத்தான் பூங்காவில் நடக்கும் கோயில் சந்தையும் புகழ் பெற்றதுதான். எனினும் கூட்ட நெரிசலும் தின்பண்டக் கடைகளுமே அதில் அதிகம் என்பது என் கருத்து. பதினைந்தாம் நாள் விளக்குத் திருவிழாவுக்கு ஷாங்காயின் யூயுவான் தோட்டம் உங்களுக்கு அருகில் உள்ளது. விடுமுறை மிச்சம் இருந்தால் ஹெபெய் மாகாணத்தின் நுவான்சுவான் ஊருக்குச் செல்லுங்கள். உருக்கிய இரும்பைக் கோட்டைச் சுவரில் வீசித் தீப்பூவாகச் சிதறவிடும் பழைய வழக்கம் அங்கே இன்னும் உள்ளது. ரயில் பயணச்சீட்டு விற்பனை 15 நாட்களுக்கு முன்பே தொடங்கிச் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும் என்பதால், சீன ரயில்வேயின் பயணச்சீட்டுச் செயலியான 12306-இல் கடவுச்சீட்டு எண்ணை அதற்கு முன்பே பதிந்து வையுங்கள்.

கேள்வி: ஹெனான் மாகாணத்தில் உள்ள தோழியின் கிராமத்துக்கு விழாவுக்கு அழைக்கப்பட்டிருக்கிறேன். நான் சைவ உணவு உண்பவள், மதுவும் அருந்துவதில்லை. என்ன கொண்டு செல்ல வேண்டும், எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: முதலில் சட்டம். விடுதியல்லாத வீட்டில் தங்கும் வெளிநாட்டவர், போய்ச் சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் உள்ளூர்க் காவல் நிலையத்தில் பதிந்துகொள்ள வேண்டும். கிராமத்துக் காவல் நிலையத்துக்கு இது பழக்கமில்லாத வேலையாக இருக்கலாம். ஆதலால் தோழியின் வீட்டாரை முன்கூட்டியே விசாரித்து வைக்கச் சொல்லுங்கள், கடவுச்சீட்டை மறக்காதீர்கள்.

சைவம் என்று மட்டும் சொன்னால், இறைச்சித் துண்டுகளை ஒதுக்கிவிட்டுக் காய்கறியைப் பரிமாறிவிட்டு நிம்மதி அடைவார்கள். பன்றிக்கொழுப்பு, இறைச்சிச் சாறு, முட்டை ஆகியவற்றில் எவை ஆகும், எவை ஆகாது என்பதைத் தோழி வழியாகப் பத்து நாட்களுக்கு முன்பே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். வடக்கே விழா என்றால் ஜியாவ்ஸு என்ற பூரணம் வைத்த மாவுப் பண்டம் கட்டாயம் இருக்கும். அதை வீட்டார் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பிடிப்பார்கள். உங்களுக்கான காய்கறிப் பூரணத்தை நீங்களே நறுக்கித் தருவதாகச் சொல்லி அந்த வேலையில் சேர்ந்துகொண்டால், சமையலறையின் சிக்கல் தீர்வதோடு விழாவின் மிக நல்ல நேரத்தில் உங்களுக்கும் இடம் கிடைத்துவிடும். மதுவை முதல் கிண்ணத்திலேயே மறுத்துவிடுங்கள். ஒன்றை ஏற்றுவிட்டு இரண்டாவதை மறுப்பது அங்கே கடினம். தேநீரைக் கையில் ஏந்தி வாழ்த்தினால் போதும்.

பரிசாகப் பழக்கூடை, தேயிலை, பெட்டியில் வரும் பால் ஆகியவற்றைத் தயங்காமல் கொண்டு செல்லலாம். கடிகாரமும் பேரிக்காயும் வேண்டாம். வீட்டுக் குழந்தைகளுக்குச் சிவப்பு உறையில் புதிய நோட்டுகளாகப் பணம் கொடுங்கள். தொகை இடத்துக்கு இடம் வேறுபடும்; குவாங்டோங்கில் 10 யுவான் கொடுத்தாலே போதும், பிற இடங்களில் அதைவிடக் கூடுதலாக எதிர்பார்ப்பார்கள். தோழியிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். நான்கு என்ற எண் மட்டும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பெரியவர் உங்களுக்கும் ஓர் உறை நீட்டினால் இரு கைகளாலும் பெற்றுக்கொள்ளுங்கள். அவர் எதிரில் பிரிக்காதீர்கள்.

கேள்வி: பெய்ஜிங்கில் வசிக்கிறோம். பிள்ளைகள் புத்தாண்டு இரவில் பட்டாசு வெடிக்க விரும்புகிறார்கள். அனுமதி உண்டா?

பதில்: இல்லை. 2022 முதல் பெய்ஜிங் மாநகராட்சியின் எல்லை முழுவதும் பட்டாசுக்குத் தடை உள்ளது. ஷாங்காயில் 2016 முதல் வெளிவட்டச் சாலைக்கு உட்பட்ட பகுதியில் தடை. பிற ஊர்களில் விதி மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். ஆண்டுக்கு ஆண்டும் மாறுவதுண்டு. ஆகவே பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வேறு ஊர் போவதாக இருந்தால், அந்த ஆண்டின் உள்ளூர் அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் பட்டாசை அங்கேயே வாங்குங்கள். ரயிலில் அதைக் கொண்டு செல்லவும் அனுமதி இல்லை.