சினிமா ஆசை, நாடகப் பட்டம்

கேள்வி: உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும், தமிழ், வரலாறு எடுத்தேன். பெறுபேறு வந்துவிட்டது. ஆசை சினிமாவில், ஆனால் தமிழில் கிடைப்பது நாடகம்தான் போலிருக்கிறது. எதற்கு விண்ணப்பிப்பது? "கூத்தாடவோ கம்பஸ் போறாய்?" என்று அப்பா கேட்கிறார்.
- ஒரு மாணவி, வட்டுக்கோட்டை

பதில்: பிள்ளை, நாடகத்துக்கே விண்ணப்பியும். சினிமாவை விடச் சொல்லவில்லை. களனியிலும் கொழும்பிலும் திரை, தொலைக்காட்சி சார்ந்த படிப்புகள் உண்டு, ஆனால் பெரும்பாலும் சிங்களத்தில். வசனம் எழுதவும் நடிகரிடம் வேலை வாங்கவும் பழகவேண்டிய வயதில் மொழியோடு மல்லுக்கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. உமக்குச் சிங்களம் நன்றாக ஓடும் என்றால் அது வேறு கதை.

தமிழில் படிக்க இரண்டு இடங்களை முதலில் பாரும். ஒன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம். மற்றது மட்டக்களப்பு, கல்லடியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம். மருதனார்மடத்து இராமநாதன் நுண்கலைப் பிரிவையும் பலர் கேட்பார்கள். அது சங்கீதம், நடனம், சித்திரத்துக்குப் பேர்போன இடம்.

பிள்ளைகள் கோட்டைவிடுவது விண்ணப்பத்தில். பல்கலைக்கழக அனுமதியைக் கவனிக்கும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்குப் படிவத்தை அனுப்பிவிட்டு, மிச்சத்தை இசட் புள்ளி (உயர்தரப் பெறுபேற்றில் கணிக்கும் தரப்புள்ளி) பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடுவார்கள். கல்லடி போன்ற இடங்களின் நாடகக் கற்கைநெறிக்குச் செயன்முறைப் பரீட்சையும் உண்டு. அதற்கான அறிவித்தல் தனியாக வரும், தனியாகத்தான் விண்ணப்பிக்க வேணும். அதில் சித்தியடையாவிட்டால் புள்ளி எவ்வளவு இருந்தும் பயனில்லை. ஆணைக்குழுவின் கைநூலை நீரே முழுதாக வாசியும். கொமினிகேசன் கடைத் தம்பியிடம் நிரப்பக் கொடுத்துவிட்டு வராதேயும். கற்கைநெறிகளை உம்முடைய விருப்ப ஒழுங்கில் போடும், அந்த ஒழுங்கைப் பார்த்துத்தான் இடம் தருவார்கள்.

பரீட்சையில் படத்து நகைச்சுவைக் காட்சியை அப்படியே செய்து காட்டும் எண்ணம் இருந்தால் விட்டுவிடும். வட்டுக்கோட்டை, கூத்தில் ஒரு வகையான வடமோடிக்குப் பெயர்பெற்ற ஊர்! கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒருவரைப் பிடித்து, பாத்திரம் மேடைக்கு வரும்போது பாடும் வரவுப் பாட்டு ஒன்றை ஆட்டத்தோடு பழகும். குரல் தானாகத் திறக்கும், மூச்சைப் பிடிக்க வரும். பாஷையூர், குருநகர்ப் பக்கம் கூத்தின் மற்ற வகையான தென்மோடி மேடையேறினால் ஒரு இரவு விழித்திருந்து பாரும். "ஏன் இந்தக் காட்சியைத் தெரிந்தீர்?" என்று கேட்டால் இரண்டு வசனத்தில் பதில் சொல்லத் தெரியவேணும். நன்றாக நடித்துவிட்டு இந்த இடத்தில் திக்குமுக்காடுகிறவர்கள் உண்டு.

சரி, சினிமா. கைபேசி போதும். மூன்று நிமிடப் படம் ஒன்று, இரண்டு பேர், ஒரு வீடு. சத்தத்தைக் கவனியும், எங்கள் பெடியளின் குறும்படங்களில் காட்சி அழகாக இருக்கும், காற்று இரைச்சலில் வசனம் கேட்காது. 2015இல் தொடங்கிய யாழ்ப்பாணச் சர்வதேசச் சினிமா விழா அடுத்து நடக்கும்போது போய்ப் பாரும். புனே திரைப்படக் கல்லூரியும் டில்லி தேசிய நாடகப் பள்ளியும் பெரும்பாலும் பட்டதாரிகளைத்தான் எடுக்கின்றன. ஆக நாடகப் பட்டம் அந்தப் பக்கம் போகவும் உதவும்.

அப்பாவிடம் இதைச் சொல்லும்: நாடகமும் அரங்கியலும் சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் பாடம், படிப்பிக்க ஆசிரியர் வேணும். வேலை நிச்சயம் என்று நான் எழுதமாட்டேன். எந்தக் கலைப் பட்டத்துக்கும் இன்றைக்கு அப்படி எழுத ஏலாது. வட்டுக்கோட்டைக்காரர் ஒருவர் கூத்தைக் கேலியாகச் சொல்வதுதான் எனக்கு வேடிக்கை.

இடம் கிடைக்காவிட்டால் தனியார் நிறுவனங்களின் விளம்பரம் கண்ணில் படும். பட்டத்தை எந்தப் பல்கலைக்கழகம் வழங்குகிறது, மானியங்கள் ஆணைக்குழு அதை ஏற்கிறதா என்று விசாரித்து, பதிலை எழுத்தில் வாங்கிய பிறகே காசு கட்டும்.