டர்போ போலியா, பொருத்தியதில் பிழையா?

கேள்வி: ஐயா, என்னிடம் ஸ்கோடா ஆக்டேவியா பெட்ரோல் கார் இருக்கிறது. விடுமுறை நாட்களில் செட்டிபாளையம் பந்தயத் தடத்தில் ஓட்டுவேன். 14 மாதங்களுக்கு முன் கோவையில் ஒரு பட்டறையில் 1,85,000 ரூபாய் கொடுத்துப் பெரிய டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் பாகம்) பொருத்தினேன். முறையான பில் தரவில்லை. ‘காரெட் ஜிடி2860ஆர்எஸ், புதியது, பால் பேரிங்’ என்று எழுதிய எஸ்டிமேட் சீட்டும் வாட்ஸ்அப் உரையாடலும்தான் இருக்கின்றன. இப்போது நீலப்புகை வருகிறது, பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) ஏறவில்லை. வேறொரு மெக்கானிக் இது போலி என்கிறார். பட்டறைக்காரரோ, “ஆயில் மாற்றாமல் ஓட்டியது உங்கள் தவறு, ரேசிங் பாகங்களுக்கு உத்தரவாதம் கிடையாது” என்கிறார். வழக்குப் போட்டால், காரை மாற்றியமைத்ததற்கு நானே மாட்டிக்கொள்வேனா?

பதில்: முதலில் ஒரு வேண்டுகோள். காரிலிருந்து கழற்றினாலும், அந்த டர்போவைப் பிரித்துப் பார்க்காதீர்கள். உங்கள் மெக்கானிக் ஆர்வக்கோளாறில் ஸ்பேனரை எடுத்துவிட்டால், “இவர்களே கெடுத்துவிட்டார்கள்” என்ற வாதத்தை எதிர்த்தரப்புக்குத் தட்டில் வைத்துக் கொடுத்ததாகிவிடும்.

‘டர்போ பழுதாகிவிட்டது’ என்று வழக்கைத் தொடங்கினால் நீங்கள் திணறுவீர்கள். நீலப்புகைக்கு டர்போதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆயில் திரும்பும் குழாய் மடங்கியிருந்தாலும், இன்ஜினின் அடிப்பெட்டியான கிராங்க்கேஸின் காற்றோட்டம் அடைத்திருந்தாலும், நல்ல டர்போகூடப் புகைவிடும். பட்டறைக்காரர் இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார். ‘சீட்டில் எழுதிய பொருள் இது இல்லை’ என்று தொடங்குங்கள். பொருட்கள் விற்பனைச் சட்டம், 1930-இன் 15-ஆவது பிரிவு, விளக்கம் சொல்லி விற்ற பொருள் அந்த விளக்கத்துக்குப் பொருந்த வேண்டும் என்கிறது. இதற்கு நீங்கள் ஆயில் மாற்றினீர்களா என்ற கேள்வியே வேண்டாம்.

நல்லவேளையாக, ஜிடி2860ஆர்எஸ் என்ற அந்தப் பெயரே ஒரு விளக்கம்தான். 2860-இல் உள்ள 60, காற்றை அழுத்தும் சக்கரத்தின் வெளிவிட்டத்தை மில்லிமீட்டரில் குறிக்கிறது. ஆர் என்பது பால் பேரிங், அதாவது தண்டு குண்டுகள் மீது சுழலும் அமைப்பு. இந்த மாடலில் சக்கரத்தின் வாய்ப்பக்க விட்டம் சுமார் 47 மில்லிமீட்டர். எதையும் பிரிக்காமல், காற்று நுழையும் வாயில் வெர்னியர் அளவுகோலை வைத்தே அதை அளக்கலாம். 44 என்று வந்தால் பாதி வழக்கை அங்கேயே வென்றுவிட்டீர்கள். பேரிங் விஷயம் அவ்வளவு எளிதல்ல. தண்டை ஆயில் படலமே தாங்கும் சாதாரண ஜர்னல் பேரிங்கில், ஆயில் இல்லாதபோது தண்டு பக்கவாட்டில் சற்று ஆடுவது இயல்பு. பால் பேரிங்கில் அந்த ஆட்டம் தெரிவது அரிது. உங்களுடையது ஆடினால், அது தேய்ந்த பால் பேரிங்காகவும் இருக்கலாம், பால் பேரிங்கே இல்லாததாகவும் இருக்கலாம். பிரித்தால்தான் தெரியும். பெயர்த்தகட்டில் உள்ள பாக எண்ணையும் வரிசை எண்ணையும் படமெடுத்து, உற்பத்தி நிறுவனத்துக்கே அனுப்பி எழுத்தில் பதில் கேளுங்கள். தகடு இல்லையென்றால் அதையும் படமெடுங்கள்.

பிரிக்கும் வேலையை நுகர்வோர் ஆணையத்தின் மேற்பார்வையில் செய்யலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 38-ஆவது பிரிவு, சோதித்தால் மட்டுமே தெரியும் குறைபாடு என்றால் பொருளை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப வழி செய்கிறது. கட்டணத்தை நீங்கள்தான் முன்பணமாகக் கட்ட வேண்டியிருக்கும். அதற்கு முன்பே வாய்ப்பக்க அளவுக்கு ஓர் அளவீட்டு ஆய்வகத்தின் சான்று வாங்கிவிடுங்கள். பம்ப் தொழில் நிறைந்த உங்கள் ஊரில் அதற்காக அலைய வேண்டியதில்லை. பட்டறையே பொருத்தியதால், குழாயைத் தவறாக வளைத்தார்களா, பால் பேரிங்குக்குத் தேவையான, ஆயில் வரத்தைக் குறைக்கும் கட்டுப்படுத்தியை வைத்தார்களா என்பதைச் சேவைக் குறைபாடாக இரண்டாவது வாதத்தில் சேர்க்கலாம்.

பில் தராததே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. ‘உத்தரவாதம் கிடையாது’ என்ற வரி, பழுதைப் பற்றிப் பேசலாம். போலியை அசல் என்று விற்றதற்கு அது கேடயமாகாது என்பது என் கருத்து. வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல் அந்தப் போனிலேயே வைத்திருங்கள். நீதிமன்றம் வரை போனால், பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆவது பிரிவுப்படி மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழ் தேவைப்படும்.

இப்போது நீங்கள் பயப்படும் கேள்வி. பயத்தில் நியாயம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்குக் கண்டிப்பாகவே பொருள்கொண்டது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இதைக் கட்டாயம் எடுப்பார். மாற்றியமைத்துக் கொடுத்துப் பணம் வாங்கியவரே அதைச் சொல்வது வேடிக்கைதான்; ஆனாலும் எடுப்பார். எனவே புகார் தாக்கல் செய்யும் முன் பழைய டர்போவை மாட்டிவிடுங்கள். அதுவரை காரைச் சாலையில் ஓட்டாதீர்கள். இன்சூரன்சை நம்பாதீர்கள்: இயந்திரப் பழுதும் பந்தய ஓட்டமும் வழக்கமான பாலிசிக்கு வெளியே. மாற்றத்தைத் தெரிவிக்காதிருந்தால் விபத்து இழப்பீடும் சிக்கலாகும்.

போலி என்று உறுதியானால் காவல் துறையிலும் புகார் தரலாம். வர்த்தகக் குறிச் சட்டத்தின் 104-ஆவது பிரிவு, போலிக் குறியிட்ட பொருளை விற்பவருக்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை விதிக்கிறது. ஆனால் உங்கள் பணம் அங்கே திரும்பாது. நுகர்வோர் ஆணையத்தில்தான் திரும்பும். கோவை மாவட்ட ஆணையத்தில், 5 லட்சம் வரை மதிப்புள்ள பொருளுக்குக் கட்டணமே இல்லை. காலவரம்பு இரண்டு ஆண்டுகள். வாங்கிய நாளிலிருந்தே எண்ணுங்கள், அதுதான் பாதுகாப்பு. 14 மாதங்கள் போய்விட்டன. இந்த வாரமே ஸ்பீட் போஸ்ட்டில் வக்கீல் நோட்டீஸ் அனுப்பி, 15 நாள் அவகாசம் கொடுங்கள். நோட்டீசில் ‘பழுது’ என்ற சொல்லை முதல் பத்தியில் எழுத வேண்டாம் என்று உங்கள் வழக்கறிஞரிடம் சொல்லிவிடுங்கள்.