கலிஃபோர்னியாவில் பள்ளிக்கான சொத்து வரிக்கு உச்சவரம்பு என்றால் என்ன?

அங்கே பள்ளிக் கட்டடங்களுக்காகப் பள்ளி மாவட்டம், அதாவது ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளாட்சி அமைப்பு, கடன் பத்திரம் வெளியிடும். கடனை அடைக்கச் சொத்து வரியோடு கூடுதல் வரி சேரும் என்பதால் வாக்காளர் சம்மதம் வேண்டும். முன்பு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு தேவைப்பட்டது. பாதிக்கு மேல் ஆதரவு இருந்தும் பல திட்டங்கள் தோற்றன. 2000 நவம்பரில் மக்கள் ஏற்ற 39ஆம் முன்மொழிவு, சில நிபந்தனைகளோடு, 55 சதவீதம் போதும் என்றாக்கியது.

சரி, வரி எகிறிவிடாதா? அதற்குத்தான் உச்சவரம்பு. தொடக்கப் பள்ளி முதல் உயர்நிலைப் பள்ளி வரை சேர்த்து நடத்தும் மாவட்டம், வரிக்கான மதிப்பில் 1,00,000 டாலருக்கு ஆண்டுக்கு 60 டாலர் வரை கேட்கலாம். இரண்டில் ஒன்றை மட்டும் நடத்தும் மாவட்டத்துக்கு 30 டாலர்தான். அடுக்குமாடிக் குடியிருப்பில் லிஃப்ட் மாற்ற ஏறக்குறைய எல்லோரும் கையெழுத்திட வேண்டியதில்லை, ஆனால் வீட்டுக்கு இவ்வளவுக்கு மேல் வசூலிக்கக் கூடாது என்பதைப் போல. இந்தப் பணத்தில் ஆசிரியர் சம்பளம் தர முடியாது. ஆண்டுதோறும் தணிக்கையும் உண்டு. எனக்கு இது நியாயமான பேரமாகவே படுகிறது.

60 டாலரோடு மொத்தச் சுமை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அந்த வரம்பு ஒரு வாக்கெடுப்புக்கு மட்டுமே, அடுத்த பத்திரமும் வென்றால் அதன் வரி மேலே சேரும்.