அம்மாவின் நினைவு மலரில் என்ன எழுதுவது?

அன்புள்ள அக்கா,

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் இருந்து எழுதுகிறேன். சில மாதங்களுக்கு முன் என் அம்மா காலமானார். இதே டர்பனின் கேட்டோ மேனரில் பிறந்தவர். ஸ்பிரிங்ஃபீல்டு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்துவிட்டு, ஓய்வு பெறும்வரை தொடக்கப் பள்ளியில் பாடம் நடத்தினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் கூடத்தில் தமிழ் வகுப்பு. நான் தமிழ் எழுதக் கற்றதும் அங்கேதான்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு நாங்கள் நினைக்காத கூட்டம் வந்தது. பாதிப் பேர் அவருடைய பழைய மாணவர்கள். அவர்கள் சொன்ன பல விஷயங்கள் எங்களுக்கே புதிது. திதிக்கு ஒரு சிறிய நினைவு மலர் போடலாம் என்றிருக்கிறோம். 'அன்பான மனைவி, பாசமிகு தாய், சிறந்த ஆசிரியை' என்று அண்ணன் எழுதி வைத்திருக்கிறார். பொய்யில்லை. ஆனால் யாருடைய அம்மாவுக்கும் போடலாம் போலத் தெரிகிறது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். சின்ன வயதில் எனக்கு அம்மா மேல் கோபம் இருந்தது. சாயங்காலம் முழுக்க நோட்டுத் திருத்துவார். பக்கத்தில் போய் உட்கார்ந்தால் 'இரும்மா, இன்னும் பத்து நோட்டுத்தான்' என்பார். அப்பாவுக்குத் துணி ஆலையில் ஷிஃப்ட் வேலை. பல நாள் அவர்தான் பருப்பும் சோறும் ஆக்கிப் போட்டார். ஜனவரியில் பள்ளி திறந்ததும் அம்மாவின் வகுப்புப் பிள்ளைகள் நோட்டுக்கெல்லாம் பழுப்புத் தாளில் அட்டை போடுவதும் அவர்தான். இதையெல்லாம் எழுதலாமா? அம்மாவைக் குறை சொன்னது மாதிரி ஆகிவிடுமா?

அன்புடன்,
ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் அம்மாவுக்கு என் அஞ்சலி. இவ்வளவு தெளிவாகத் தமிழ் எழுதும் ஒரு மகளை இந்த ஊரில் வளர்த்தெடுத்திருக்கிறார் என்பதே அவரைப் பற்றி எனக்கு நிறையச் சொல்கிறது.

தாராளமாக எழுதுங்கள். அந்தப் பத்து நோட்டும் அப்பா ஆக்கிய பருப்பும் மலரில் கட்டாயம் வர வேண்டும். அண்ணன் எழுதியதும் அன்பில் வந்ததுதான், அது இருந்துவிட்டுப் போகட்டும். அதற்குக் கீழே அம்மா பார்த்த வேலை வரட்டும். நம் வீடுகளில் ஓர் ஆண் இறந்தால் எந்த ஆலை, என்ன பதவி, எந்தச் சங்கத்தில் தலைவர் என்று வரிசையாக எழுதுகிறோம். பெண் வாழ்நாள் முழுக்க வேலை பார்த்திருந்தாலும், மனைவி, தாய் என்பதற்குப் பிறகு ஒட்டுப்போட்டது போல ஒரு சொல்தான். எனக்கு இதில் நீண்ட நாள் வருத்தம் உண்டு.

டர்பன் இருக்கும் இந்த நேட்டாலில் ஒரு தமிழ்ப் பெண் ஆசிரியை ஆவது லேசில் நடந்த காரியம் இல்லை. 1860 நவம்பர் 16-ம் தேதி முதல் இந்தியத் தொழிலாளர்களோடு ட்ரூரோ கப்பல் வந்ததில் இருந்து 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக 1,52,184 பேரைக் கொண்டுவந்தார்கள். கரும்புக் காட்டுக்குக் கூட்டிவந்தவர்களின் பிள்ளைகள் படிக்க வேண்டுமே என்ற கவலை அரசுக்கும் தோட்டத்துக்கும் பெரிதாக இருக்கவில்லை. கட்டடச் செலவில் ஒரு பங்கை ஊரார் சேர்த்துக் கொடுத்தால் அரசும் பணம் போடும். நம் பள்ளிகளில் ஏராளமானவை அப்படி எழுந்தவை. அப்படிக் கட்டியும் இடம் போதவில்லை. 1950-களில் ஒரே கட்டடத்தில் காலையில் ஒரு கூட்டம், மத்தியானம் இன்னொரு கூட்டம் என்று பிள்ளைகள் மாறி மாறிப் படித்தார்கள். பிளாட்டூன் வகுப்பு என்று பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். உங்கள் அம்மா படித்த காலம் ஏறக்குறைய அதுதான். பெண் பிள்ளையை ஸ்டாண்டர்டு நாலோடு நிறுத்திய வீடுகள் அன்றைக்கு நிறைய. உங்கள் அம்மாவை யார் நிறுத்தாமல் விட்டது? பாட்டியா, தாத்தாவா, ஏதாவது ஒரு டீச்சர் வீடு தேடி வந்து பேசினாரா? சித்தி, மாமா யாராவது இருந்தால் இப்போதே கேட்டுவிடுங்கள்.

கேட்டோ மேனரை 1958-ல் நிறவெறி அரசு வெள்ளையர் பகுதி என்று அறிவித்தது. தோட்டமும் தகர வீடும் கோயிலுமாக இருந்த குடும்பங்கள் 1960-களில் சாட்ஸ்வொர்த்துக்குப் போக வேண்டியதாயிற்று. புது இடத்தில் முதலில் பஸ் சரியாக இல்லை, பழைய அக்கம்பக்கம் இல்லை. வீடு பறிபோன பிள்ளைகளை வகுப்பில் உட்காரவைத்து வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவர்களில் பலருக்கும் வீடு பறிபோயிருந்தது. சம்பளத்தில் வெள்ளையருக்கு ஒரு கணக்கு, இந்தியருக்கு ஒரு கணக்கு, பெண்ணுக்கு அதிலும் குறைவு. கல்யாணமான ஆசிரியையைத் தற்காலிகமாகவே வைத்திருந்த காலமும் இருந்தது. பழைய சம்பளச் சீட்டு இருந்தால் மலரில் படமாகப் போடுங்கள். பாராட்டுரையில் வராத செய்தி அதில் இருக்கும்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது அவருடைய ஞாயிற்றுக்கிழமை. திங்கள் முதல் வெள்ளி வரை அவர் கற்பித்தது ஆங்கிலத்தில். வீட்டில் பாட்டியிடம் தமிழ் பேசிய பிள்ளைகள் அந்த வகுப்பறைகளில்தான் ஆங்கிலத்துக்கு மாறினார்கள். ஆங்கிலம் இல்லாமல் தோட்டத்தையும் ஆலையையும் விட்டு மேலே வர வழியில்லை என்று அந்தத் தலைமுறை ஆசிரியர்களுக்குத் தெரியும். அந்த மாற்றத்தில் தமிழ் போனதும் தெரியும். அதனால்தான் வாரம் முழுக்க நின்று கால் வலித்தவர் ஞாயிறு காலையில் கோயில் கூடத்தில் அ, ஆ எழுதிப்போட்டார். சம்பளம் கிடையாது. ரோமன் எழுத்தில் அச்சடித்த தேவாரத்தை வைத்துப் பாடும் பிள்ளைகளைத் தமிழ் எழுத்தில் படிக்கவைப்பது, ஐஸ்டெட்ஃபட் என்ற கலைப் போட்டிக்கு ஆத்திசூடியும் பாட்டும் தயார் செய்வது, மேடையில் மறந்துவிட்டு அழுகிற பிள்ளையைத் தேற்றுவது... இந்த ஊரில் தமிழ் மிச்சம் இருப்பது இவர்களால். உங்கள் அம்மா இரண்டு வேலையையும் செய்தார். ஒன்றை மட்டும் எழுதி இன்னொன்றை விட்டுவிடாதீர்கள். அவை ஒன்றோடொன்று இடித்த இடத்தையும் எழுதுங்கள்.

பழைய மாணவர்களிடம் 'அம்மா எப்படிப்பட்டவர்?' என்று கேட்டால் தங்கமானவர், தெய்வம் என்றுதான் வரும். எந்த வருஷம், எந்த வகுப்பு, எங்கே உட்கார்ந்திருந்தீர்கள், கணக்கு வராதபோது டீச்சர் என்ன செய்தார் என்று கேளுங்கள். அடித்தாரா என்றும் கேளுங்கள். 1996-ல் சட்டம் வந்து தடுக்கும்வரை பிரம்பு இங்கே சர்வசாதாரணம். அடித்தார் என்று ஒருவர் சொன்னால் அதுவும் இருக்கட்டும்.

அப்புறம் உங்கள் கோபம். நீங்கள் பொறாமைப்பட்ட அந்தப் பிள்ளைகள்தான் பதினாறாம் நாள் வந்து நின்றார்கள். அம்மாவின் மாலை நேரம் அவர்களுக்குப் போனது உண்மை. உங்களுக்குக் கிடைக்கவேண்டியதில் ஒரு பங்கு குறைந்ததும் உண்மை. இரண்டையும் நேராக எழுதினால் யாரும் அம்மாவைக் குறைவாக நினைக்க மாட்டார்கள். மகள் எழுதியது என்று நம்புவார்கள். அப்பாவைப் பற்றியும் ஒரு பக்கம் வேண்டும். ஷிஃப்ட் முடித்து வந்து யாருடைய பிள்ளைகள் நோட்டுக்கோ அட்டை போட்டவர் அவர். 'அன்பான மனைவி' என்று எழுதும் இடத்தில் அந்த இல்லறம் எப்படி நடந்தது என்று சொல்ல இதைவிட நல்ல செய்தி எனக்குத் தோன்றவில்லை.

பேரப்பிள்ளைகள் ஆங்கிலம்தான் படிப்பார்கள் என்றால் முதலில் ஆங்கிலத்திலேயே எழுதுங்கள், அதில் ஒரு குறைவும் இல்லை. தமிழ்ப் பகுதி பின்னால் வரட்டும். அம்மாவின் பாடக் குறிப்பு நோட்டு, வகுப்புப் புகைப்படம், சான்றிதழ் எதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். டர்பனில் 1860 பாரம்பரிய மையமும், குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் காந்தி-லுதூலி ஆவண மையமும் இருக்கின்றன. மலர் அச்சானதும் ஆளுக்கொரு பிரதி கொடுத்துவிட்டு, நோட்டுகளைப் பற்றியும் பேசிப் பாருங்கள். தமிழ்ப் பகுதியை அச்சுக்குப் போகும் முன் எனக்கு அனுப்புங்கள், படித்துப் பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
அக்கா