குடும்பிமலைக் கல்லிலிருந்து நம் மூச்சுக் காற்று வரை: கேள்வி பதில்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகள் இவை. பலர் கேட்ட ஒரே விசயத்தை ஒரே கேள்வியாகச் சேர்த்திருக்கிறேன். காலக்கணக்கு எல்லாம் கோடியில். 100 கோடி ஆண்டு என்றால் ஒரு பில்லியன் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கிரானிலிருந்து: குடும்பிமலை ஒரு காலத்தில எரிமலையா இருந்து அணைஞ்சது எண்டு ஊருக்குள்ள கதை. உண்மையா சேர்?

இல்லை. எரிமலைக் குழம்பு வெளியே வந்து சட்டென்று ஆறினால் கல்லின் மணிகள் கண்ணுக்குத் தெரியாத அளவு நுணுக்கமாக இருக்கும். வாயு வெளியேறிய துளைகளும் பெரும்பாலும் இருக்கும். இங்கே உடைந்து கிடக்கும் ஒரு கல்லை நனைத்துப் பாருங்கள். வெள்ளை அல்லது இளஞ்சிவப்பு பெல்ஸ்பார், கண்ணாடி போன்ற குவாட்ஸ், கறுப்பு மைக்கா அல்லது ஹோன்பிளென்ட், எல்லாம் வரிவரியாக ஓடும். இது நைஸ் என்ற உருமாறிய பாறை.

நம் இரண்டு மாவட்டங்களின் அடித்தளப் பாறை பெரும்பாலும் விஜயன் தொகுதி என்று புவியியலாளர் அழைக்கும் கிழக்கிலங்கைப் பாறைக் கூட்டத்தைச் சேர்ந்தது. அதன் மூலப்பாறை ஏறக்குறைய 100 முதல் 110 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழத்தில் இறுகிய கிரானைட் வகை. பிறகு 60 கோடிக்கும் 52 கோடிக்கும் இடைப்பட்ட காலத்தில் கொண்டுவானா என்ற பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்தபோது, பல கிலோமீற்றர் ஆழத்தில் வெந்து நசிந்து நைஸ் ஆனது. அப்போது நமக்குப் பக்கத்தில் இருந்தவை மடகஸ்காரும் கிழக்கு அந்தாட்டிக்காவும். மேலே கிடந்த பாறை முழுவதும் அரித்துப் போனதால்தான் இன்று இது வெளியே தெரிகிறது.

சுமை குறையும்போது பாறை விரியும். மேற்பரப்புக்குச் சமாந்தரமாக வெங்காயத் தோல் போலத் தட்டுத் தட்டாகக் கழரும். மலை உருண்டையாக இருப்பதற்குக் காரணம் அதுதான். கல் உடைப்பவர்கள் கவனிக்க வேண்டியது: சுத்தியலால் தட்டும்போது வெறுமையான ஒலி வந்தால் தட்டு அடியோடு கழன்றிருக்கிறது. மழைக்குப் பிறகு அதன் கீழே நிற்காதீர்கள்.

எரிகுழம்போடு தொடர்புள்ள ஒன்று நம் பக்கத்தில் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். கொண்டுவானா பிளந்த காலத்தில் வெடிப்புகளில் ஏறி, வெளியே வராமலே இறுகிய டொலரைட் என்ற கறுப்புப் பாறைச் சுவர்கள் விஜயன் தொகுதியில் இருக்கின்றன. அவையும் எரிமலை அல்ல.

உகனையிலிருந்து: அப்படியென்றால் மகா ஓயா வெந்நீரூற்று எப்படிச் சுடுகிறது?

மழைநீர் பாறை வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்கி, சூடாகித் திரும்பி வருகிறது. கண்டத்துப் பாறையில் ஒரு கிலோமீற்றர் இறங்கினால் வெப்பம் ஏறத்தாழ 25 பாகை கூடும். நிலமட்ட வெப்பம் 28 பாகை, ஊற்று 55 பாகை என்று வைத்தால், 27 பாகை ஏறக் குறைந்தது 1.1 கிலோமீற்றர் ஆழம் வேண்டும். மேலே வரும் வழியில் ஆறுவதையும் குளிர்ந்த நிலத்தடி நீர் கலப்பதையும் சேர்த்தால் உண்மையான ஆழம் இதைவிடக் கூட. நாட்டின் நடுப்பகுதிப் பாறைக் கூட்டமான உயர்நிலத் தொகுதி விஜயன் தொகுதியின் மேல் தள்ளப்பட்டு ஏறிய எல்லைக்கு அருகே பாறை நன்றாக நொறுங்கியிருக்கிறது. நாட்டின் வெந்நீரூற்றுகள் பல அந்த எல்லையை ஒட்டியே வரிசையாக வருவது தற்செயல் அல்ல.

கல்முனையிலிருந்து ஓர் ஆசிரியர்: 100 கோடி என்று எப்படி அளக்கிறார்கள்? பிள்ளைகள் "காபன் வைத்தா?" என்று கேட்கிறார்கள்.

காபன்-14 இங்கே உதவாது. அதன் அரைவாழ்வு, அதாவது பாதி சிதைய எடுக்கும் காலம், 5,730 ஆண்டுகள். 50,000 ஆண்டுகளைத் தாண்டினால் அளக்க எதுவும் மிஞ்சாது. பாறைக்குச் சிர்க்கோன் என்ற சிறு படிகம்தான் வழி. அது உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தை ஒதுக்கிவிடும். ஆகவே உள்ளே இருக்கும் ஈயம் ஏறத்தாழ முழுவதும் பின்னர் யுரேனியம் சிதைந்து வந்தது.

செய்முறை: கல்லை 400 மைக்ரோனுக்குக் கீழே நொறுக்கி அரித்து, நீரில் அலசி, இரும்புத் தாதுகளைக் காந்தத்தால் நீக்குவார்கள். மீதியை 3.3 அடர்த்தியுள்ள மெதிலீன் அயடைட்டு என்ற திரவத்தில் இட்டால் குவாட்ஸும் பெல்ஸ்பாரும் மிதக்கும்; 4.6 அடர்த்தியுள்ள சிர்க்கோன் அடியில் படியும். நுணுக்குக்காட்டியின் கீழ் மணிகளைப் பொறுக்கி, பிசினில் பதித்து, பாதி தெரியத் தேய்த்து, 30 மைக்ரோன் அகல லேசர்ப் புள்ளியால் ஆவியாக்கி அளப்பார்கள்.

வகுப்பில் போட ஒரு கணக்கு: ஈயம்-206க்கும் யுரேனியம்-238க்கும் உள்ள விகிதம் 0.17 என்று எடுங்கள். 1.17இன் இயற்கை மடக்கை 0.157. அதை 1.55125 × 10⁻¹⁰ என்ற சிதைவு மாறிலியால் வகுத்தால் 101 கோடி ஆண்டு.

பிழை வருவது இரண்டு இடத்தில். கதிர்வீச்சால் சிதைந்த படிகத்திலிருந்து ஈயம் ஒழுகினால் வயது குறைத்துக் காட்டும். பழைய கருவைச் சுற்றிப் புதிய ஓரம் வளர்ந்திருந்து, லேசர் இரண்டிலும் பட்டால் எங்குமே இல்லாத ஒரு நடு வயது கிடைக்கும். அதனால்தான் யுரேனியம்-235, ஈயம்-207 கடிகாரத்தையும் ஓடவிட்டு, இரண்டும் ஒத்துப்போனால் மட்டும் நம்புவார்கள். அவுஸ்திரேலியாவின் ஜக் ஹில்ஸ் சிர்க்கோன் 440 கோடி ஆண்டு என்பது இந்த முறையால் வந்தது. பூமியின் 454 கோடி வேறு வழி: அதன் அடிப்படை, 1956இல் கிளேர் பற்றர்சன் விண்கற்களின் ஈயத்தை வைத்துச் செய்த கணக்கு.

திருக்கோவிலிலிருந்து: கடற்கரையில கறுப்பு மண் படை படையா வருதே, அதுவும் இந்தச் சிர்க்கோனா?

சிர்க்கோன் அதில் கொஞ்சம் இருக்கலாம். கறுப்பு நிறம் பெரும்பாலும் இல்மனைட் என்ற இரும்பு-தைத்தேனியத் தாதுவுடையது. பாறை உக்கும்போது பெல்ஸ்பார் களியாகிப் போய்விடும். உக்காத பாரத் தாதுகள் ஆற்றோடு கடலுக்கு வரும். அலை 2.65 அடர்த்தியுள்ள குவாட்ஸை இழுத்துக்கொண்டு போகும், 4.7 அடர்த்தியுள்ள இல்மனைட்டை விட்டுவிட்டுப் போகும். வாடைக்காற்றுக் கால அலைக்குப் பிறகு படை தடிப்பாகத் தெரிவது இதனால்தான். காந்தத்தைப் பொலித்தீன் பையில் சுற்றிக் காய்ந்த மண்ணில் ஓட்டுங்கள். சாதாரணக் காந்தத்துக்குத் துள்ளி ஒட்டுவது மக்னடைட் என்ற இரும்புத் தாது. நியோடிமியம் காந்தத்துக்கு மட்டும் மெல்ல ஒட்டுவது இல்மனைட். பை இல்லாமல் செய்தால் காந்தத்தைத் துடைத்தே பொழுது போய்விடும்.

ஏறாவூரிலிருந்து: பூமிக்குள்ள யாரும் போய்ப் பார்க்கல்ல. நடுவில இருக்கிற அகணி திரவம் எண்டு எப்படி அடிச்சுச் சொல்றாங்க?

மனிதன் துளைத்த மிக ஆழமான துளை ரஷ்யாவின் கோலாவில், 12,262 மீற்றர். பூமியின் ஆரை 6,371 கிலோமீற்றர். அதில் 500இல் ஒரு பங்குகூட இல்லை. எனவே அலைகளைத்தான் கேட்க வேண்டும். நிலநடுக்கத்தில் முதலில் வருவது முதன்மை அலை (P), அடுத்து வருவது துணை அலை (S). துணை அலை திரவத்துக்குள் ஓடாது. சிலியில் ஒரு பெரிய நடுக்கம் வந்தால் நம் பல்லேகலை நிலநடுக்கப் பதிவு நிலையம், பூமியின் மையத்திலிருந்து கோணமாக அளந்தால், ஏறத்தாழ 140 பாகை தூரத்தில் இருக்கிறது. முதன்மை அலை அகணியூடாகச் சுமார் 20 நிமிடத்தில் வந்து சேரும். நேராக வரவேண்டிய துணை அலை வராது. 2,890 கிலோமீற்றருக்குக் கீழே திரவம் என்பதற்கு இது சான்று. அதற்குள் திண்ம உள் அகணி இருப்பதை 1936இல் டென்மார்க் விஞ்ஞானி இங்கெ லேமன் (Inge Lehmann) கண்டறிந்தார்.

இந்த அடுக்கு தொடக்கத்திலேயே இருந்ததல்ல. பூமி உருகிக் கிடந்த முதல் சில கோடி ஆண்டுகளில் இரும்பு கீழே இறங்கியது. உள் அகணி எப்போது இறுகத் தொடங்கியது என்பதில் இன்னும் சண்டை: 50 கோடி என்பாரும் உண்டு, 100 கோடிக்கு மேல் என்பாரும் உண்டு.

மட்டக்களப்பு நகரிலிருந்து: குமரிக்கண்டம் கடலில் மூழ்கியது என்பதைப் புவியியல் ஏற்குமா?

கண்டம் மூழ்கியதாக ஏற்காது. குமரிக்கண்டத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் லெமூரியா என்பது 1864இல் விலங்கியலாளர் பிலிப் ஸ்கிளேற்றர் லெமூர் விலங்குகளின் பரவலை விளக்கச் சொன்ன ஊகம். கண்டங்கள் நகரும் என்பது அப்போது தெரியாது. கண்டப் பாறையின் அடர்த்தி சுமார் 2.7, கீழுள்ள மென்மூடி 3.3, ஒரு கண்டம் அப்படியே அமிழ முடியாது. இந்து சமுத்திரத்தின் ஆழ்தளம் பெரும்பாலும் பசால்ட் என்ற எரிகுழம்புப் பாறை, கண்டப் பாறை அல்ல.

நிலம் கடலுக்குள் போனது பொய்யல்ல, அளவுதான் வேறு. 21,000 ஆண்டுகளுக்கு முன், பனிக்காலத்தின் உச்சத்தில், கடல் இன்றையதை விட 120 மீற்றர் அளவு தாழ்வு. ஆழம் குறைந்த பாக்கு நீரிணை அப்போது தரை. இலங்கையிலிருந்து தமிழகத்துக்கு நடந்தே போயிருக்கலாம். நம் கிழக்குக் கரையில் கண்டமேடை (கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடல்தளம்) ஒடுக்கம் என்பதால் இங்கே மூழ்கிய நிலம் குறைவு.

அக்கரைப்பற்றிலிருந்து: நாம் தகட்டு எல்லையில் இல்லை என்கிறார்கள். பிறகு 2004 சுனாமி ஏன்?

உடைந்தது இங்கே இல்லை. சுமாத்திராவுக்கு மேற்கே இந்தியத் தகடு கீழே இறங்கும் எல்லை, 1,200 கிலோமீற்றருக்கு மேல் நீளத்துக்கு உடைந்தது. அலையின் வேகம் ஈர்ப்பையும் ஆழத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வரும்: 4,000 மீற்றர் ஆழத்தில் செக்கனுக்கு 198 மீற்றர், மணிக்கு 713 கிலோமீற்றர். அதனால்தான் நமக்குச் சுமார் இரண்டு மணித்தியாலம் இருந்தது, எச்சரிக்கைதான் இல்லை.

காரைதீவிலிருந்து ஓர் உயர்தர மாணவி: முதல் வளியில் ஒட்சிசன் இல்லை என்பதற்கு என்ன சான்று?

மகள், பழைய ஆற்று மணலைப் பாருங்கள். தென்னாபிரிக்காவின் விற்வாற்றஸ்ராண்ட் படிவுகளில் பைரைட்டும் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த தாது) யுரேனினைட்டும் (யுரேனியத் தாது) ஆற்றில் உருண்டு மழுங்கிய மணிகளாக இருக்கின்றன. இன்றைய காற்றுப்படும் ஆற்றில் அவை அவ்வளவு தூரம் தாங்காது, ஒட்சியேறிக் கரைந்துவிடும். சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து இத்தகைய மணிகள் மறைகின்றன, துருச் சிவப்பு நிற மணற்கற்கள் தலைகாட்டுகின்றன. கந்தகச் சமதானிகளும் (நிறை மட்டும் வேறுபடும் கந்தக அணுக்கள்) அதே காலத்தைக் காட்டுகின்றன: ஓசோன் இல்லாதபோது புறஊதாக் கதிர் விட்டுச்சென்ற ஒரு தனித்த விகிதம் அதற்குப் பிறகு மறைந்துவிடுகிறது. இதை 2000ஆம் ஆண்டில் விஞ்ஞானி ஜேம்ஸ் ஃபாகுவாரின் குழு வெளியிட்டது.

ஒட்சிசனை உண்டாக்கியவை ஒளித்தொகுப்புச் செய்யும் நுண்ணுயிர்களான சயனோபக்ரீறியாக்கள். அவை தோன்றியவுடன் காற்று மாறிவிடவில்லை. கடலில் கரைந்திருந்த இரும்பும் எரிமலை வாயுக்களும் நெடுங்காலம் அதைத் தின்றுகொண்டிருந்தன. நம் விஜயன் பாறை இறுகிய காலத்திலும் ஒட்சிசன் இன்றையதில் சிறு பங்குதான். பெரிய விலங்குகளுக்குப் போதுமான அளவு வந்தது 60 கோடிக்குப் பிறகு. 30 கோடி ஆண்டுகளுக்கு முன் அது 30 சதவீதத்தைத் தொட்டுப் பிறகு இறங்கியது. பரீட்சையில் ஒரே நேர்கோடாக ஏறியது என்று வரையாதீர்கள்.

ஓட்டமாவடியிலிருந்து: காடழிச்சா ஒட்சிசன் முடிஞ்சிருமா நானா?

முடியாது. பத்து லட்சத்தில் 2,09,500 பங்கு இருக்கிறது. நாம் எரிபொருள் எரிப்பதால் ஆண்டுக்கு ஏறத்தாழ 4 பங்கு குறைகிறது. கவலைப்பட வேண்டியது காபனீரொட்சைட்டு: 280 பங்கிலிருந்து 420ஐத் தாண்டிவிட்டது. பனிப்பாளத்தில் அகப்பட்ட 8 லட்சம் ஆண்டுக் காற்றில் அது 300 பங்கைத் தாண்டியதாக இல்லை. காட்டைக் காக்க வேறு காரணங்கள் ஏராளம். இந்தக் காரணம் மட்டும் பிழை.

சம்மாந்துறையிலிருந்து: காற்றில் ஆகன் எங்கிருந்து வந்தது?

பாறையிலிருந்து. பெல்ஸ்பாரிலும் மைக்காவிலும் உள்ள பொற்றாசியம்-40 சிதைந்து ஆகன்-40 ஆகிறது. அரைவாழ்வு 125 கோடி ஆண்டு. எதனோடும் சேராத வாயு என்பதால் சேர்ந்துகொண்டே போய் 0.93 சதவீதம் ஆகிவிட்டது.

வாகரையிலிருந்து: கண்டல் சேறைத் தோண்டி இறால் குளம் வெட்டினோம். முதல் மழையோட தண்ணி புளிச்சு இறால் செத்துப்போச்சு. ஏன்?

மேலே சொன்ன அதே பைரைட். கண்டல் சேற்றுக்குள் ஒட்சிசன் இல்லை. அங்கே கடல்நீரின் சல்பேற்றிலிருந்து பைரைட் சேர்கிறது. அழுகிய முட்டை மணமே அதற்குக் குறி. தோண்டி வரம்பில் போட்டதும் காற்றுப் பட்டு சல்பூரிக்கமிலமாகிறது. மழை அதைக் குளத்துக்குள் கழுவுகிறது. ஒரு தொன் காய்ந்த சேற்றில் 1 சதவீதம் பைரைட் கந்தகம் இருந்தால் 30 கிலோவுக்கு மேல் அமிலம். சமப்படுத்த 31 கிலோ கல்சியம் காபனேற்று வேண்டும். சுண்ணாம்புத்தூள் முழுவதும் கரையாது என்பதால் ஒன்றரை மடங்கு, ஏறத்தாழ 47 கிலோ போடுங்கள்.

வெட்டுவதற்கு முன் சோதியுங்கள். ஒரு கரண்டி சேற்றின் பிஎச் பாருங்கள். பிறகு 30 சதவீத ஐதரசன் பெரொட்சைட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கொதிப்பு அடங்கியதும் மறுபடி பாருங்கள். 3க்குக் கீழே விழுந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

காத்தான்குடியிலிருந்து: வாவி ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம். நடுவில எங்கட கிணறு மட்டும் எப்படி நல்ல தண்ணி? ஆழமாக் குழாய்க்கிணறு அடிச்சா இன்னும் நல்லாகுமா?

ஆகாது, கெடும். பனிக்காலம் முடிந்து ஏறிய கடல் 7,000 முதல் 6,000 ஆண்டுகளுக்கு முன் இன்றைய மட்டத்துக்கு அருகே வந்தது. ஆறுகள் கொண்டுவந்த மணலை அலை கரையோரமாக இழுத்துப் பள்ளத்தாக்கு வாய்களை அடைத்தது. உள்ளே அகப்பட்டது வாவி. அடைத்த மணல்மேட்டின் மேல் உங்கள் ஊர். மழைநீர் அந்த மணலில் உவர்நீரின் மேல் மிதக்கிறது. நிலத்தடி நீர்மட்டம் கடலுக்கு மேல் 1 மீற்றர் இருந்தால் நன்னீர் கணக்குப்படி 40 மீற்றர் கீழே போகும். மணல்படை மெல்லியது, பக்கத்தில் வாவியும் உண்டு என்பதால் நிசத்தில் மிகக் குறைவு. ஆனால் அந்த 40 திருப்பியும் வேலை செய்யும்: நீர்மட்டத்தைத் தொடர்ந்து 10 சென்ரிமீற்றர் தாழ்த்தினால் உவர்நீர் எல்லை 4 மீற்றர் மேலேறப் பார்க்கும்.

2004க்குப் பிறகு கடல்நீர் புகுந்த கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தும் பல இடங்களில் உப்புப் பெரிதாகக் குறையவில்லை, கழுவியது மாரிமழைதான். ஆகவே அகலமான, ஆழம் குறைந்த கிணறு, சிறிய பம்பு, ஒரே மூச்சில் இறைக்காமல் விட்டு விட்டு இறைப்பு. ஆவணி, புரட்டாதியில் உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் மீற்றரால் வாரம் ஒருமுறை அளந்து, ஏறத் தொடங்கினால் பம்பின் உறிஞ்சு குழாயை அரை மீற்றர் மேலே தூக்கிக் கட்டுங்கள்.