எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் சிக்ஸ் மைல் ரன் என்று ஒரு ஸ்டேட் பார்க் இடம் இருக்கிறது. அங்கே ஒன்றுமே இல்லை என்கிறார்கள். குழந்தையோடு போகலாமா?

தாராளமாகப் போகலாம். நியூ ஜெர்சிக்குப் புதிதாக வந்து, சனிக்கிழமைதோறும் மாலுக்குப் போய் அலுத்தவர் நீங்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

"ஒன்றுமே இல்லை" என்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஊஞ்சல், கடை எதுவும் இல்லை, சரி. ஆனால் ஃபிராங்க்ளின் டவுன்ஷிப்பில் வீடுகளுக்கு நடுவே சுமார் 3,000 ஏக்கர் எப்படித் தப்பியது? 1970 வாக்கில் நீர்த்தேக்கம் கட்டப்போவதாகச் சொல்லி, அங்கிருந்த பண்ணை நிலங்களை அரசு எடுத்துக்கொண்டது. நீர்த்தேக்கம் வரவே இல்லை. சில வயல்களில் இன்றும் குத்தகைக்குப் பயிர் வைக்கிறார்கள். மற்றதெல்லாம் முள்ளும் மரமும்தான்.

போன ஏப்ரலில் என் மகளைக் கூட்டிப்போனேன். ஏழு வயது. காரை விட்டு இறங்கியதும் "சறுக்குமரம் எங்கேப்பா?" என்றாள். பாதி வழியில் ஓடை குறுக்கிட்டது, பாலம் இல்லை. கல் மேல் கல்லாகக் கால் வைத்துத் தாண்டினோம். அப்புறம் புதருக்கு நடுவே மஞ்சள் டாஃபடில் பூக்கள், கோடு போட்டது போல ஒரே வரிசையில். காட்டில் பூ அப்படி நேராக முளைக்காது. யாரோ வீட்டு வாசலில் நட்டிருக்க வேண்டும். வீடு போய்விட்டது, வருஷா வருஷம் பூ மட்டும் வருகிறது. அவள் பக்கத்தில் குந்தி ஒவ்வொன்றாக எண்ணினாள். பதினேழு.

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. ஊரில் தொழிற்சாலை வரும் என்று எங்கள் தாத்தாவின் நாலு ஏக்கரையும் இப்படித்தான் எடுத்தார்கள். தொழிற்சாலை வரவில்லை. இழப்பீட்டுக்கு அப்பா இன்னும் அலுவலகப் படி ஏறிக்கொண்டிருக்கிறார். அந்த நிலத்தில் சுற்றுச்சுவரும் சீமைக்கருவேலமும்தான் மிச்சம், நாங்கள் உள்ளே கால் வைக்கக்கூட முடியாது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், சொல்லாமல் இருக்க மனசு வரவில்லை.

அமெரிக்காவைத் தூக்கிப் பேசுகிறான் என்று யாராவது கிளம்புவார்கள். இங்கேயும் விவசாயியிடம் பிடுங்கிய நிலம்தான் என்பதைச் சேர்த்தேதான் சொல்கிறேன். குழந்தையை ஆபத்தான இடத்துக்குக் கூட்டிப்போனேன் என்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. ஆபத்து உண்ணியில்தான். மான் நடமாடும் இடம், உண்ணி கடித்துப் பரவும் லைம் நோய் உள்ள மாநிலம். அன்று இரவு குளிக்க வைக்கும்போது அவள் முழங்காலுக்குப் பின்னால் எள் அளவு ஒன்று கடித்துக்கொண்டிருந்தது. கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தேன், வந்துவிட்டது. பொதுவாக ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருந்தால்தான் நோய் தொற்றும். அதனால் அன்றைக்கே பார்த்துவிட வேண்டும். எண்ணெய் தடவுவது, தீக்குச்சி வைப்பதெல்லாம் வேண்டாம்.

வெளிர் நிற முழுக்கால் பேன்ட் போட்டு, கீழ்ப்பகுதியை சாக்ஸுக்குள் செருகிவிடுங்கள். மழை பெய்த மறுநாள் போகாதீர்கள், ஓடையைத் தாண்ட முடியாது. டாஃபடில் பார்க்க வேண்டுமென்றால் ஏப்ரல் பாதிக்குள் போய்விடுங்கள்.